கம்பி எண்ணுகிறேன்

இரவு ஒன்றே கால்.
கடைசி அரைக்கோழியைப் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிட்டு
மாஸ்டர் பக்ருதீன் கைலியை உதறிக் கட்டுகிறார்.
இனி இந்த அடுப்பு என்னுடையது.

கம்பி எண்ணுகிறேன்.
சிரிக்காதீர்கள், ஜெயில் கம்பி இல்லை.
முப்பத்தாறு கம்பி, குறுக்கே நாலு பட்டை,
இடது ஓரத்தில் ஒன்று லேசாக வளைந்திருக்கும்.

முன்பு நான் ஜன்னல் கிரில் செய்தவன்,
ஒத்தக்கடைப் பட்டறையில்.
மயில் வைத்த கிரில், தாமரை வைத்த கிரில்,
திருடன் தலை நுழையாத நாலரை அங்குலம்.
இப்பவும் கிரில் கடையில்தான் வேலை என்று
அம்மாவுக்குப் போனில் சொன்னேன்.
பொய் இல்லை.

போன பங்குனியில் ஒரு சனிக்கிழமை
மிஞ்சிய நெஞ்சுத் துண்டைச் சுவரோரம் நின்று தின்றேன்.
நாக்கில் குத்தியது.
மீன்முள் என்று துப்பிவிட்டு
அப்புறம்தான் உறைத்தது:
கோழிக்கு ஏது மீன்முள்?

உள்ளங்கையில் கிடந்தது,
முடி கனத்தில் ஒரு எஃகு.
தேய்க்கிற கம்பி பிரஷ்ஷைத் திருப்பினேன்.
வரிசைக்கு நடுவே பல் விழுந்த இடங்கள்
பதினேழு.
ஒன்று என் கையில்.

அன்று விற்றது ஐம்பத்தெட்டு பிளேட்டு.
மயோனைஸ் கூடுதலாகக் கேட்ட அனுப்பானடி டீச்சர்,
எலும்பை உறிஞ்சி உறிஞ்சித் தின்னும் அவர் பையன்,
பேர் தெரியாத மூன்றாம் மாடிக்கு
டெலிவரிக்காரன் கொண்டுபோன இரண்டு பொட்டலம்.

"அடுப்புக்குள்ளதான்டா விழுந்திருக்கும்"
என்றார் முதலாளி செல்வின்.
இருக்கலாம்.
ஆனால் தினமும் வீட்டுக்கு எடுத்துப் போகும் பொட்டலத்தை
அன்றைக்கு அவர் எடுக்கவில்லை.

பழைய ஸ்பீக்கரின் காந்தத்தை நூலில் கட்டி
விடிய விடியச் சாம்பலைத் துழாவினேன்.
ஒன்பது ஒட்டிக்கொண்டு வந்தன.
ஏழு வரவில்லை.

நாலு நாள் பெரியாஸ்பத்திரி வாசலில்
டீ குடித்தபடி நின்றேன்.
உள்ளே போய் என்னவென்று கேட்பது?
'தொண்டையில் கம்பியோடு யாரும் வந்தாங்களா?'
கேட்கவில்லை.

பிரஷ்ஷைத் தாளில் சுற்றி டேப் ஒட்டி
'கம்பி, கவனம்' என்று மேலே எழுதி
குப்பை வண்டி கனகுவிடம் கையில் கொடுத்தேன்.
தொட்டியில் எறிந்தால்
பிரிக்கிற விரல் அவளுடையது.

இப்போது என் ஆயுதம் பனைமட்டை,
மேலூர் ரோட்டில் வெட்டி வாங்கியது.
கரியைத் தகர டிரம்மில் தள்ளி மூடுகிறேன்.
விரலால் ஒரு சொட்டுத் தண்ணீர் தெறிக்கிறேன்:
சுர்ரென்று துள்ளினால் பொறு,
சும்மா கிடந்தால் பிந்திவிட்டாய்,
பெருமூச்சு மாதிரி ஆவி வந்தால்
கையுறையைப் போடு.

மட்டையை அழுத்திச் சுரண்டினால்
மசாலாக் கருக்கு செதில் செதிலாகப் பெயர்கிறது.
முதல் வாரம் மட்டை வழுக்கிக்கொண்டே இருந்தது.
சூடு பட்டுப் பட்டு, கம்பி பதிந்து பதிந்து,
அதன் நுனியில் பள்ளங்கள் விழுந்தன.
இப்போது முப்பத்தாறையும் அதற்குத் தெரியும்,
வளைந்ததை மட்டும்
தனியாக ஒரு மூலையால் தேய்க்க வேண்டும்.

அப்புறம் முள்கரண்டியில் குத்திய பாதி வெங்காயம்.
அப்புறம் ஈரத்துணி, வெள்ளையாக இருக்க வேண்டும்,
எது ஒட்டினாலும் தெரியும்.
கடைசியில் கடலை எண்ணெய், பேருக்கு.
போன் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து
ஒவ்வொரு கம்பியாகக் கூட்டிப் போகிறேன் வெளிச்சத்தை.

டீச்சர் இன்றும் வந்திருந்தார்.
பையன் உயரமாகிவிட்டான், குரல் உடைந்திருக்கிறது.
"அண்ணே, தொடைப்பீஸ்" என்றான்.
அந்தக் கரகரப்பைக் கேட்டு
தட்டை நீட்டாமல் அப்படியே நின்றேன்.
"என்னண்ணே?"
"ஒண்ணுமில்லடா. மெதுவாச் சாப்பிடு."

முப்பத்தி நாலு.
முப்பத்தி அஞ்சு.